பத்துக்கு எட்டே முக்கால்

அன்புள்ள கியென்,

பள்ளிக்கூடத்தில் நீ வாங்கிய மதிப்பெண்களில் எத்தனை உன்னுடையவை என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை தொலைபேசியில் நீ அதைக் கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, உனக்குப் பின்னால் போன டிராம் வண்டியின் மணிகூட எனக்குக் கேட்டது. இருபத்தாறு வயதில், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகன் தன் தாயிடம் இப்படி ஒன்றைக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சில் என்றால் நான் மறுபடியும் பாதியில் வைத்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். எதிர்வீட்டு அம்மாவின் மகள் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாள், கடிதத்தை அவள் கொண்டுவருவாள், கூடவே கத்தரிப்பிஞ்சு ஊறுகாய் ஒரு சீசா.

நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பத்து நாளாகத் தூறல். சுவரெல்லாம் வியர்க்கிறது, தரை ஓட்டில் கால் வழுக்குகிறது, துவைத்த துணி மூன்றாம் நாளும் காயாமல் நாற்றம் எடுக்கிறது. அப்பா மின்சார அலுவலகத்தில் ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். தாத்தாவின் நினைவு நாளுக்கு உன் சித்தப்பாக்கள் வந்து போனார்கள், எல்லாரும் உன்னைக் கேட்டார்கள், கல்யாணம் எப்போது என்றும் கேட்டார்கள்.

உன் தங்கை குவே உன்னிடம் எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். தாய்வான் பல்கலைக்கழகத்துக்கு அவள் விண்ணப்பம் போட வேண்டியது இந்த மாதக் கடைசிக்குள். போன ஞாயிறு அப்பா அவளுடைய மதிப்பெண் புத்தகத்தை எடுத்துவைத்து, நாளைக்கு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வா என்றார். அவள் அறைக்குள் போய் ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். நவம்பரில் நடந்த இடைத்தேர்வு, இலக்கியத் தாள், பத்துக்கு எட்டே முக்கால். ‘ஆழ்ந்த உணர்ச்சியோடு எழுதியிருக்கிறாய், கையெழுத்தில் கவனம் தேவை’ என்று எங்கள் பள்ளி இலக்கிய ஆசிரியை தோவா அக்கா சிவப்பு மையில் எழுதியிருந்தார். நல்லதுதானே என்றேன். “ரெண்டாவது பக்கத்தைப் படிங்க அம்மா” என்றாள். படித்தேன். முதல் ஒன்றரைப் பக்கம் பாடத்திலிருக்கும் கவிதையைப் பற்றி ஒழுங்காக எழுதியிருக்கிறாள். அதன்பிறகு ஒரு வரி விடாமல், பத்தியும் மாற்றாமல், விலாங்குக் கஞ்சி வைக்கும் முறை. விலாங்கை எப்படிப் பிடிப்பது, வழவழப்பு போக உப்புப் போட்டு எப்படி உருவுவது, முள்ளிலிருந்து சதையை எப்படிப் பிரிப்பது, மஞ்சள் எப்போது, சின்ன வெங்காயம் எப்போது, எல்லாம். கடைசி வரியில் ‘ஆகவே கவிஞரின் நாட்டுப்பற்று நம் நெஞ்சில் என்றும் நிற்கும்’ என்று முடித்திருக்கிறாள். அப்பா வாங்கிப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார், “கொத்தமல்லியை விட்டுட்டாளே, அதுக்குத்தான் ஒண்ணே கால் குறைஞ்சிருக்கு” என்றார். நானும் சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அது விளையாட்டுக்குச் செய்ததல்ல கியென். நான்கு பாடங்களில் செய்து பார்த்திருக்கிறாள். வரலாற்றில் கடைசிக் கேள்வியைத் தொடவேயில்லை, ஒன்பது. இயற்பியலில் தெரிந்தே எண்களை மாற்றிப் போட்டிருக்கிறாள், எட்டரை. கணக்கில் மட்டும் நாலரை வந்திருக்கிறது. அந்த நாலரை வந்த அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கணக்கு ஆசிரியரைத் தாழ்வாரத்தில் பார்த்தபோது வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போனேன். இரண்டு மாதம் அப்படித்தான் போனேன். பொறாமை பிடித்த மனிதர், சக ஆசிரியரின் பிள்ளை என்று ஒரு மரியாதை இல்லை என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். குவே அன்றைக்கு மேசையில் சொன்னாள், “அவரு ஒருத்தர்தான் அம்மா என் தாளைப் படிச்சிருக்காரு. மத்தவங்க என் பேரைத்தான் படிச்சிருக்காங்க.”

இது எப்படி நடக்கிறது என்று நீ கேட்கலாம். எப்படியும் நடப்பதில்லை, அதுதான் விஷயம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. இவள் உயென் டீச்சர் பெண், அதாவது என் பெண், இவன் தோவா டீச்சர் பையன் என்று தெரியும், தெரிந்தால் கை தானாக ஏழை எட்டரையாக எழுதிவிடும். பிறகு ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது உன் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நானும் எழுதியிருக்கிறேன். தோவா அக்காவின் மகன் சோனுக்கு மூன்று வருடம் வேதியியலில் ஒன்பதுக்குக் குறையாமல் போட்டவள் நான்தான். அவனுக்கு அமிலம் எது காரம் எது என்று திணறும். இப்போது ஹுவே நகரத்தில் மருந்தியல் படித்துக்கொண்டிருக்கிறான், அடுத்த வருடம் மருந்துக் கடை வைக்கப்போகிறான். அவன் கொடுக்கும் மருந்தை நான் வாங்க மாட்டேன், ஆனால் யாரோ வாங்குவார்கள். உன் காலத்தில் தோவா அக்கா உன் தாளைப் படித்தாரா, வரலாற்று ஆசிரியர் படித்தாரா, எனக்குத் தெரியாது. நீ கெட்டிக்காரன் என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் அப்படி நினைத்ததற்கு ஆதாரம் அந்தப் புத்தகம்தான் என்பதை இந்த வாரம்தான் யோசித்தேன். அங்கே போய் முதல் வருடம் இரண்டு தேர்வில் தோற்றபோது மொழி புரியவில்லை என்று எழுதினாயே, மொழிதானா என்று இப்போது உனக்கே சந்தேகம் வந்திருக்கும். அந்தச் சந்தேகத்தை உனக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

பிள்ளைகள் ஏன் வெளியே போக நினைக்கிறார்கள் என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம், அங்கே படிப்பு நல்ல படிப்பு, திரும்பி வந்தால் நல்ல வேலை. போன மாதம் என் வகுப்பில் எதிர்காலத் திட்டம் எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. நாற்பத்திரண்டு பேரில் பதின்மூன்று பேர் வெளிநாடு என்று எழுதினார்கள். காரணம் என்ற கட்டத்தில் பாதிப் பேர் உலகத்தரக் கல்வி என்று எழுதினார்கள், ஒருவன் எழுதியதை மற்றவன் பார்த்து எழுதியது, எழுத்துப்பிழைகூட ஒன்றாக இருந்தது. மற்றவர்களுடையதைத் தனியே எடுத்து வைத்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள், எங்கள் குடும்பத்தில் அரசு அலுவலகத்தில் யாரும் இல்லை, அதனால் இங்கே படித்துப் பிரயோசனமில்லை என்று. இன்னொருத்தி, வீட்டிலிருந்து தூரமாக இருக்க வேண்டும், ஹனோய் போதாது என்று எழுதியிருந்தாள். ஒருவன், என் அண்ணன் போனான், அம்மா இன்னும் அவன் பேச்சையே பேசுகிறாள், நானும் போனால் என் பேச்சையும் பேசுவாள் என்று. அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு இருந்தேன். நம் மாகாணத்தில் வெளிநாடு என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, சில வீடுகளில் போன வழியிலேயே இறந்த பிள்ளையின் படம் பூசை மாடத்தில் இறந்த பெரியவர்கள் படத்தோடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இவர்களும் எழுதுகிறார்கள். மேலிடத்துக்கு நான் அனுப்பிய தொகுப்பில் பதின்மூன்று பேருக்கும் உலகத்தரக் கல்வி என்று போட்டு அனுப்பினேன். கட்டம் சின்னது.

குவேயின் காரணம் இவற்றில் எதுவும் இல்லை. விண்ணப்பத்தோடு வைக்க அவள் எழுதியிருந்த கட்டுரையைப் படிக்கக் கொடுத்தாள். ஏன் இங்கே படிக்க விரும்புகிறாய் என்ற கேள்விக்கு, என் அம்மாவை யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும், நான்கு வந்தாலும் பரவாயில்லை, அது என்னுடைய நான்காக இருக்கும் என்று எழுதியிருக்கிறாள். நான் அவளைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன், எனக்கு அதுதான் செய்யத் தெரிந்தது.

ஆனால் சிக்கல் உனக்குப் புரிந்திருக்கும். அங்கே உதவித்தொகையோடு இடம் கிடைக்க வேண்டுமானால் இந்தப் புத்தகத்தில் இருக்கும் சராசரிதான் வேண்டும். உண்மையான எண்ணைப் போட்டால் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். பொய்யான எண்ணைப் போட்டுக்கொண்டு, பொய்யிலிருந்து தப்பிக்கப் போகிறேன் என்று எழுத வேண்டும். “ஒண்ணு எல்லா டீச்சர்கிட்டயும் சொல்லிச் சரியான மார்க் போட்டுத் தரச் சொல்லுங்க, இல்லேன்னா நான் எங்கேயும் போகலை” என்கிறாள். போகாமல் என்ன செய்வாய் என்றதற்கு, தொழிற்பேட்டையில் இயர்போன் செய்யும் ஆலைக்குப் போகிறாளாம். “அங்க சாயங்காலம் எத்தனை செஞ்சேன்னு எண்ணிப் பார்க்கலாம். பத்துச் செஞ்சா பத்துதான். நீங்க வந்து சொன்னாலும் பன்னெண்டு ஆகாது.” விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். புதன்கிழமை அந்த ஆலையின் விண்ணப்பத் தாள் அவள் பையில் இருந்தது, பெயர், பிறந்த நாள், உயரம், எடை எல்லாம் நிரப்பி, புகைப்படம் ஒட்டி.

அப்பாவுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. “ஊர்ல எல்லார் வீட்டுப் பொண்ணும் ஒன்பது வரலைன்னு அழுவுது, உன் பொண்ணு மட்டும் வந்துடுச்சுன்னு அழுவுது, எல்லாம் நீ கொடுத்த செல்லம்” என்று என்னைச் சொல்கிறார். அவளிடம், “அடியே, அவங்க பாசத்துல போட்டதைத் திருப்பிக் கொடுப்பியா, கல்யாணத்துக்கு வந்தவன் கொண்டுவந்த பூவைத் திருப்பிக் கொடுக்கற மாதிரி” என்றார். “பூ என் பேர்ல வரலை அப்பா, அம்மா பேர்ல வந்துச்சு” என்றாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிடுகிறோம்.

நான் இந்த ஏழு நாளாக யோசித்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நான் படித்த காலத்தில் மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்ப ஒரு பட்டியல் போட்டார்கள், அதில் என் பெயர் இருக்கும் என்று என் பேராசிரியர் சொன்னார், வந்தபோது வேறு ஒருவரின் மருமகன் பெயர் இருந்தது. அதற்கு நான் கோபப்பட்டேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில், எனக்கும் அப்படி ஒரு மாமனார் இல்லையே என்றுதான் அப்போது நினைத்தேன். ஆசிரியையான பிறகு உங்கள் இருவருக்கும் நான் அந்த மாமனாராக இருந்திருக்கிறேன். அதைத் தாய்ப்பாசம் என்று வைத்துக்கொண்டேன்.

நாளை திங்கட்கிழமை. கொடி வணக்கம் முடிந்து முதல் வகுப்பு தொடங்குவதற்குள் தோவா அக்காவிடம் பேசப் போகிறேன். இந்தத் தாளைக் காட்டி, சரியான எண்ணைப் போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அவர் போட்டால் மற்றவர்களிடமும் கேட்பேன். குவேக்குத் தாய்வான் கிடைக்காமல் போகும், ஆனால் ஆலைக்குப் போக மாட்டாள், இங்கேயே ஏதாவது ஒரு கல்லூரியில் தன் சொந்த எண்ணோடு சேருவாள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இருபத்து நான்கு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்த சிநேகிதி என்ன சொல்வார் என்று தெரியாது. பயமாக இருக்கிறது. வகுப்பில் தவிர வேறெங்கும் குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவள் நான்.

நீ இதைப் படித்துவிட்டு குவேயைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லாதே, அவள் கேட்டால் மட்டும் பேசு. உன் தங்கும் அனுமதி ஏப்ரலில் முடிகிறது, கடைசி வாரம்வரை வைத்திருக்காதே. இருமலுக்கு வெந்நீரில் இஞ்சி போட்டுக் குடி, மாத்திரையை நீயாகக் கூட்டாதே. வேலை இடத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொள், அதற்கு உனக்கு உரிமை உண்டு. உனக்கு எந்தக் குறையும் வராமல் முன்னோர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அமாவாசைக்கு உன் பேர் சொல்லி ஊதுபத்தி ஏற்றுகிறேன். பதில் போட நேரமில்லாவிட்டால், கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி போதும்.

உன் அம்மா,
உயென்

திங்கட்கிழமை, மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். கொடி வணக்கத்துக்கு குவே வரவில்லை, காய்ச்சலோ என்று நினைத்தேன். ஆசிரியர் அறையில் தோவா அக்கா தனியாக இருந்தார். தாளை அவர் முன் வைத்தேன். இரண்டாம் பக்கத்தைப் படித்தார், முதலில் சிரித்தார், “அடிப்பாவி, உப்புப் போட்டு உருவச் சொல்லியிருக்கா பாரு, சாம்பல்லதான் உருவணும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சரியான எண்ணைப் போடச் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எந்தச் சரியான மார்க் உயென்? சரியானதை அழிச்சிட்டு இதைப் போட்டேன்னு நினைச்சியா? நான் படிக்கவேயில்லை. மூணு வருஷமா உன் பொண்ணு தாளை நான் படிச்சதில்லை. நீ என் சோன் தாளைப் படிச்சியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார், சிவப்புப் பேனாவை எடுத்து எட்டே முக்காலை அடித்துவிட்டு மூன்று என்று போட்டார். கணினியில் பூட்டியாகிவிட்டது, இனி யாராலும் மாற்ற முடியாது என்றார். “இந்தா, இதைச் சட்டம் போட்டு வீட்ல மாட்டிக்கோ. நாளையிலிருந்து நீ ஜன்னல் பக்கத்து மேசையில உட்கார்ந்துக்கோ தங்கச்சி.” தங்கச்சி என்று அவர் என்னைக் கூப்பிட்டுப் பல வருடமாகிறது, அந்நியமாக இருந்த ஆரம்ப நாட்களுக்குப் பிறகு பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். குவே சமையல் செய்து வைத்திருந்தாள். காலையில் கொடி வணக்கத்துக்குப் போகாமல் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குப் போய், புத்தகத்துக்கு முத்திரை வாங்கி, பத்து மணிக்கெல்லாம் தாய்வானுக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாளாம். அந்த ஒன்பது எட்டரை எல்லாம் அப்படியே. ஏன் என்று கேட்டேன். “வகுப்புல விண்ணப்பம் போடற எல்லார் மார்க்கும் இப்படித்தான் அம்மா. நான் மட்டும் யோக்கியமா நின்னா என் இடத்துல இன்னொரு எட்டே முக்கால் போவா” என்றாள். அந்தக் கட்டுரையையும் மாற்றி எழுதியிருக்கிறாள், உலகத்தரக் கல்வி என்று. எனக்கு என்ன தோன்றியது என்று உனக்கு மறைக்க மாட்டேன், நிம்மதியாக இருந்தது. ஆலை விண்ணப்பம் குப்பைக் கூடையில் கிடந்ததையும் பார்த்தேன்.

பிறகு தோவா அக்காவிடம் போனதைச் சொன்னேன். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று கோபப்பட்டாள். தாளைக் கொடுத்தேன். சிவப்பில் இருந்த மூன்றை வெகுநேரம் பார்த்தாள். “மூணா? முதல் ஒண்ணரைப் பக்கம் நான் நல்லாத்தானே எழுதியிருந்தேன். நாலரையாவது வரணும். நீங்க தோவா டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன் அம்மா” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. அப்பா வந்து கதவைத் தட்டும்வரை இருவரும் சாதத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம்.